பருமனிலும் ஏற்றத்தாழ்வா?

முதலாளி என்றால் பெருத்த வயிறு; தொழிலாளி என்றால் ஒட்டிய வயிறு. நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர்கள் நெடுங்காலம் இப்படித்தான் வரைந்து வந்தார்கள். மக்கள் பேச்சிலும் அதே எண்ணம்தான். ஒருவன் உடம்பில் சற்றுச் சதை பிடித்துவிட்டால், "கையில் காசு புழங்குகிறது போலிருக்கிறதே!" என்று கேட்பார்கள். பருமன் பணக்காரர் வீட்டு நோய், ஏழைக்கு அது வராது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை.

மாணவ நண்பர்களே! அந்த நம்பிக்கை பழங்கதையாகிவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்க வேண்டும். வரும் எண் 25 அல்லது அதற்கு மேல் என்றால் மிகை எடை என்று அந்தக் கணக்கெடுப்புக் கொள்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள கேரளப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் மிகை எடை உடையவர்கள். ஆண்களில் 36 பேர். மலைக்கு அப்பால் நம் தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேர். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்திய 2015–16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் இது 31ஆக இருந்தது. கிராமப்புறத்துப் பெண்களிலேயே மூவரில் ஒருவருக்கு மேல் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். நூற்றுக்கு நாற்பது பேர் பணக்காரர்களாக இருக்கும் நாடு உலகில் எங்கேனும் உண்டா? இல்லை என்றால், இந்த நாற்பது பேரில் பெரும்பாலோர் யார்?

இன்னொரு சான்றும் உண்டு. பருமனுக்கு உடன்பிறப்பு நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பதினைந்து மாநிலங்களில் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. கிராமங்களில் எங்கும் வசதி படைத்தவர்களுக்கே நோய் மிகுதியாக இருந்தது. ஆனால் சண்டிகர், மகாராட்டிரம், தமிழ்நாடு போன்ற முன்னேறிய பகுதிகளின் நகரங்களில் கதை தலைகீழாகிவிட்டது. அங்கே வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு மிகுதி! செல்வம் பெருகும் நாட்டில் இந்த நோய் முதலில் மாடி வீட்டுக்கு வருகிறது. பிறகு படியிறங்கிக் குடிசைக்குப் போகிறது. மேலை நாடுகள் இந்தப் படியிறக்கத்தை முன்பே கண்டுவிட்டன. நாம் இன்று அந்தப் படிக்கட்டின் நடுவில் நிற்கிறோம்.

மாடி வீட்டை விட்டு நோய் இறங்குவானேன்? மாடியில் இருப்பவர் மெலிவை விலை கொடுத்து வாங்க வல்லவர். பழம் வாங்குகிறார், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டுகிறார், ஊட்டச்சத்து வல்லுநரைக் கேட்டு உண்கிறார். எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தபோது, அவற்றுக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. விஞ்ஞானத்தின் வெற்றிதான் அது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றி முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டியது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "உண்பது அவரவர் கை, நடப்பது அவரவர் கால். நாவடக்கம் இல்லாதவன் பெருத்தால் சமுதாயம் என்ன செய்யும்?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, முன்னே உண்டது செரித்த பின் அளவறிந்து உண்ணச் சொல்கிறது என்றும் எடுத்துக்காட்டுவார்கள். அளவறிந்து உண்ண வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவனுக்கே அறிவுரை பயன்படும். வாய்ப்பே இல்லாதவனுக்கு அதே அறிவுரை வெறும் வசையாக முடியும். அந்த வாய்ப்பை விலையும் நேரமும் பிறப்புமே முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

முதலில் விலை. விதுரா சந்திப்பில் உள்ள கடைகளைப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கிடைக்கும். அதில் முந்நூறு கலோரிக்குக் குறையாது. அதே முந்நூறு கலோரியைத் தக்காளியில் பெற வேண்டுமானால் ஒன்றரைக் கிலோ தின்ன வேண்டும்! தக்காளியைக் கலோரிக்காக எவரும் தின்பதில்லை என்பீர்கள். உண்மை. ஆனால் பசித்த வயிறும் மெலிந்த பணப்பையும் சேர்ந்து போடும் கணக்கு இதுதான். பத்து ரூபாயில் பசி அடங்க வேண்டும் என்றால் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் கைக்கு எட்டும். விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வருகிறவனுக்குத் தட்டுக்கடைப் பரோட்டாவும், பழம்பொரியும், சர்க்கரை மிகுந்த சாயாவும்தான் மலிவு விருந்து. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு நானூறு கிராம் காய்கனி உண்ணச் சொல்கிறது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! நாட்கூலியில் அது எத்தனை பங்கு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். "உழைப்பாளிக்கு உழைப்பே உடற்பயிற்சி ஆயிற்றே" என்று கேட்கலாம். எல்லா உழைப்பும் உடலை அசைப்பதில்லை. அகத்தியர் மலைக்கு அந்தப் பக்கம், எங்கள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். விரல் ஓடுகிறது, உடல் ஓய்ந்து கிடக்கிறது. கூலியோ எண்ணிக்கைக்குத்தான். ஆயிரம் பீடி சுற்ற ஒரு பகல் முழுதும் போய்விடும். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நாளும் ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள் அக்கா" என்று மருத்துவர் சொன்னால், "நூறு பீடியை இழந்து வாருங்கள்" என்று சொன்னதாகத்தான் அவள் காதில் விழும். இரவுக் காவலரும் அப்படியே, ஆட்டோ ஓட்டுநரும் அப்படியே. தூக்கம் குறைந்தால் பசி மிகும் என்பது உடலியல் காட்டும் உண்மை. இரவெல்லாம் விழித்துப் பகலிலும் பாதி விழித்திருப்பவன் உடல் பெருப்பதற்கு அவன் நாக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை அடுப்பங்கரைக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கூலிக்குக் கொடுத்துவிட்டு, நடைப் பயிற்சிக்கு அவள் எங்கே போவாள்? போனாலும் எந்த இடத்தில் நடப்பாள்? வண்டிகள் வளைந்து வளைந்து வரும் மலைச் சாலை ஓரத்திலா?

மூன்றாவது பிறப்பு. இதுதான் உயிரியல் படிக்கும் என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் கிராமத்துத் தாய்மார்களையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். போதிய உணவில்லாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்தே பிறக்கிறது. ஆனால் அந்தச் சிறிய உடலிலும் தசை குறைவு. கொழுப்பு ஒப்பளவில் மிகுதி. மெலிந்து தோன்றினாலும் உள்ளே கொழுத்த உடல்! அக்குழந்தை வளர்ந்து மலிவான மாவும் எண்ணெயும் உண்ணத் தொடங்கும்போது வயிற்றில் கொழுப்புச் சேருகிறது. நீரிழிவும் உடன் வருகிறது. தாய் பட்ட பசி மகன் வயிற்றில் தொந்தியாக வருகிறது என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் அதுதான் உண்மை. வறுமையும் பருமனும் பகைகள் என்று எண்ணியிருந்தோம். அவை தாயும் மகளுமாக அல்லவா இருக்கின்றன!

இனி, தீர்வு தேடியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

நாம் தங்கிப் படிக்கும் இந்தக் கேரளம்தான் இந்தியாவில் முதன்முதலாகப் 'பருமன் வரி' போட்ட மாநிலம். 2016ஆம் ஆண்டு சூலையில், நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தம் வரவு செலவுத் திட்டத்தில், பெயர்பெற்ற நிறுவன உணவகங்களில் விற்கும் பீட்சா, பர்கர் முதலியவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தார். அடுத்த ஆண்டு சூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் அது அதில் கரைந்து போயிற்று. எண்ணம் நல்ல எண்ணம், துணிவும் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வரி தொட்டது யாருடைய மேசையை? நகரத்துக் குளிரூட்டப்பட்ட கூடத்தில் அமர்ந்து பீட்சா உண்பவர் மேசையைத்தான். விதுராவின் தட்டுக்கடைக்கும், பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலங்களுக்கும் அந்த வரி எந்தத் தொடர்பும் இல்லாதது.

மெக்சிகோ நாட்டின் வழி வேறு. அங்கே 2014 சனவரி முதல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் அந்தப் பானங்கள் வாங்குவது நூற்றுக்கு 12 பங்கு குறைந்தது. வறிய குடும்பங்களிலோ 17 பங்கு குறைந்தது. ஏழையை மேலும் வாட்டும் என்று அஞ்சப்பட்ட வரி, ஏழையின் உடலுக்கே மிகுந்த நன்மை செய்தது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பானத்தின் விலையை ஏற்றுகிற அரசு குடிநீரையும் பருப்பையும் காயையும் எளிதில் கிடைக்கச் செய்யாவிட்டால், அது ஏழையின் கைப்பொருளைப் பிடுங்கிக்கொண்டதாகவே முடியும்.

நம் நாட்டில் 2025 செப்டம்பரில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சரக்கு சேவை வரியைத் திருத்தியபோது வாயு நிரப்பிய இனிப்புப் பானங்களுக்கு 40 விழுக்காடு வரி வைத்தார்கள், அது சரி. ஆனால் பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், பொட்டலத் தீனி ஆகியவற்றின் வரி 5 விழுக்காடாக இறங்கியது. விலை குறைந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். எதன் விலை குறைந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? அதே ஆண்டுத் தொடக்கத்தில் பிரதமர், சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைத்துக் கொள்ளும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அறிவுரை ஒரு பக்கம் இழுக்கிறது. விலை மறுபக்கம் இழுக்கிறது. இந்த இழுபறியில் விலை தோற்று நான் கண்டதில்லை.

அறிவுரையால் பயனே இல்லையா என்று கேட்டால், அதற்கும் நம் மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் அறுபது வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த ஆயிரத்து ஏழு பேரிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஊராரிலிருந்தே தலைவர்களைத் தேர்ந்து, குழுக் குழுவாகக் கூட்டி, உணவு பற்றியும் உழைப்பு பற்றியும் ஓராண்டு பயிற்சி கொடுத்தார்கள். மிகச் சீரிய முயற்சி. பயிற்சி பெற்றவர்கள் காய்கனியைக் கூட்டினார்கள். ஆனால் ஈராண்டு முடிவில், பயிற்சி பெற்ற பகுதிகளில் நூற்றுக்கு 15 பேருக்கும், மற்றப் பகுதிகளில் 17 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல் கண்கொண்டு பார்த்தால், இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். இதனால் அந்த முயற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லாசிரியரும் நன்மாணவரும் கூடிய இடத்திலேயே அறிவுரைக்கு இவ்வளவுதான் வலிமை என்றால், சுவரொட்டிக்கும் வானொலி வாசகத்துக்கும் எவ்வளவு வலிமை இருக்கும்?

ஆகவே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. பருமனைக் குறைக்கப் போடும் எந்தத் திட்டத்தையும் நாட்டின் சராசரி எடையால் மட்டும் அளக்கக் கூடாது. உயர்ந்தவனுக்கும் தாழ்ந்தவனுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததா என்று அளக்க வேண்டும். செல்வர் பத்துப் பேர் ஐந்து கிலோ இளைத்து, ஏழையர் பத்துப் பேர் இரண்டு கிலோ பெருத்தால், சராசரி குறைந்துதான் காட்டும். கணக்கில் வெற்றி; நாட்டுக்குத் தோல்வி! பணமும் ஓய்வும் படிப்பும் உடையவனுக்கு மட்டும் பயன்படும் திட்டம், எவ்வளவு நல்ல திட்டமானாலும், ஏற்றத்தாழ்வை வளர்க்கும். ஏழையிடம் பணமோ ஓய்வோ கேட்காமல் அவன் வாசலுக்கே வரும் திட்டம்தான் இடைவெளியை அடைக்கும்.

அத்தகைய திட்டங்கள் நமக்குப் புதியனவும் அல்ல. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுத்தபோது, "பசித்த பிள்ளை கற்க முடியாது" என்று உரை நிகழ்த்திவிட்டு நின்றுவிடவில்லை, சோறு போட்டார்கள். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. பிள்ளைகளுக்குச் செய்ததை ஏன் பெரியவர்களுக்கும் செய்யக் கூடாது? தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலைக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பருப்பின் பங்கைக் கூட்டி எண்ணெயின் பங்கைக் குறைக்கலாம். பயறும் கம்பும் கேழ்வரகும் சேர்க்கலாம். கேரளத்தில் குடும்பசிறீப் பெண்கள் 2020 முதல் மக்கள் உணவகங்களை நடத்தி, இருபது ரூபாய்க்குச் சோறு போட்டார்கள். 2023இல் அரசு மானியம் நின்றதும் விலை ஏறிற்று. அந்த மானியம் திரும்ப வர வேண்டும். இலையில் காயும் பயறும் மிகுதியாக வர வேண்டும். அது தருமம் அன்று. பின்னால் மருத்துவமனையில் செலவழிக்கப் போகும் பணத்தை முன்னாலேயே சமையலறையில் செலவழிப்பது.

பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கைக் குறி வேண்டும். சிலி நாடு 2016இல் எண்கோணக் கறுப்பு முத்திரை வைத்தது. சர்க்கரை மிகுந்தால் ஒன்று, உப்பு மிகுந்தால் ஒன்று. சிறு எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும். கறுப்பு முத்திரையைக் காண்பதற்குக் கண் இருந்தால் போதும். நம் நாட்டில் இதற்கு 2025இல் உச்ச நீதிமன்றமே காலக்கெடு விதிக்க வேண்டியதாயிற்று. பொது இடங்களும் வேண்டும். பிரேசில் நாட்டின் ரெசிபி நகரம் 2002 முதல் பூங்காக்களிலும் திடல்களிலும் பயிற்சியாளரை அமர்த்திக் கட்டணமின்றி உடற்பயிற்சி கற்பித்து வந்திருக்கிறது. மருத்துவமும் வாசலுக்கு வர வேண்டும். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொண்டு சென்றது. கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டாத மருத்துவம் அது.

அரசாங்கம் செய்யட்டும், நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாமும் செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, பருத்தவரை நகையாடும் பழக்கத்தை விட்டொழிப்போம். திரைப்படத்தில் தடித்த உருவம் வந்தாலே சிரிக்கக் கற்றிருக்கிறோம். அந்தச் சிரிப்பினால் ஒருவரும் ஒரு கிராம்கூட இளைத்ததில்லை. வெட்கி மருத்துவரிடம் போகாமல் இருந்தவர்கள்தான் உண்டு.

இரண்டாவது, நம் சங்கத்துக்கே உரிய பணி ஒன்று காத்திருக்கிறது. இங்கிருந்து மலையேறினால் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம். தலைமுறைகளுக்கு முன் பிழைக்க வந்த தமிழர் குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்கின்றன. ஆலை ஓய்ந்து, கூலியும் ஓய்ந்து, பழைய சுவர்களுக்குள் நாள் கழிப்பவர்கள் அவர்கள். நானும் மலை கடந்து வந்த தமிழன்தான். ஆனால் எனக்கு உதவித்தொகை உண்டு, விடுதிச் சோறு உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு. ஒரே மொழி பேசும் இரு தமிழருக்கு இடையே ஒரே மலையில் இத்தனை இடைவெளி! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் எடைக் கருவியும், அளவு நாடாவும், இரத்த அழுத்தமானியும் எடுத்துக்கொண்டு, உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களின் துணையோடு நாம் போகலாம். மலையாளத்தில் எழுதிய மருந்துச் சீட்டைத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். காணிக்காரர் குடியிருப்புகளுக்கும் அவ்வாறே போகலாம். போய் அறிவுரை சொல்ல வேண்டாம்; கேட்டு வருவோம். என்ன உண்கிறார்கள், ஏன் அதை உண்கிறார்கள், எதை வாங்க முடியவில்லை என்று கேட்டு எழுதி, ஊராட்சியின் பார்வைக்கு வைப்போம். விஞ்ஞான மாணவனுக்கு அளக்கத் தெரியும். அந்த அறிவு கூடத்துக்கு வெளியேயும் பயன்படட்டும்.

மூன்றாவது, நமக்குச் சோறு சமைப்பவர்களையும், இரவில் நமக்குக் காவல் இருப்பவர்களையும் நம் நடைக்கும் ஆட்டத்துக்கும் தோழர்களாக அழைப்போம். மாலையில் ஒரு மணி நேரம் திடலில் அவர்களும் நம்மோடு இருக்கட்டும். அதற்கு அவர்களுடைய வேலை நேரத்தில் இடம் வேண்டும் என்றால், அவர்கள் சார்பில் அதைக் கேட்பதும் மாணவர் கடமையே.

தோழர்களே! ஏழை ஒட்டிய வயிற்றோடு இருந்த காலத்தில், "உழைத்தால் உண்ணலாமே" என்று உபதேசித்தார்கள். இன்று அவன் வயிறு பெருத்திருக்கும் காலத்தில், "குறைத்து உண்ணலாமே" என்று உபதேசிக்கிறார்கள். இரண்டு காலத்திலும் அவனுக்குக் கிடைத்தது உபதேசம். கிடைக்காதது நல்ல உணவு. அதை அவன் கைக்கு எட்டச் செய்யும் நாளில்தான் இந்த நோய் இறங்கும். இடைவெளியும் சேர்ந்து இறங்கும். அந்தப் பணியின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இந்த மாதமே குறித்துவிடலாம் அல்லவா?